முதல் ஆள்தான் பதில் சொல்வார்

சின்னவள் அழைப்பு மணியை அழுத்தியதும் உள்ளே மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கனத்த காலடி. வாசலில் நிற்பவரைக் காக்கவைப்பதில் ஒரு சுகம் கண்டவர் இறங்கி வருவதுபோல, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு படியாக இறங்கிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. தாழ்ப்பாள் விலகும் என்று அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

கதவு திறக்கவில்லை.

வீட்டின் பக்கவாட்டுச் சந்திலிருந்துதான் அக்கா வந்தாள். இரண்டு கையிலும் ஈர மண், முழங்கை வரைக்கும்.

"மணி அடிச்சியா? பின்னாடி செடிக்குத் தண்ணி விட்டுட்டிருந்தேன்டி வாலு."

"உள்ள யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? நான் ஒருத்திதானே."

பட்டப்பகல். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. எதிர்வீட்டில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய வீட்டில் மரப்படிகள் வெயிலுக்கு முனகும், காதுக்கு அது காலடியாகப் படும் என்று சின்னவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தக் காலடியை அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டாள்.

அக்காவின் கணவர், அதாவது சின்னவளின் அத்தான், உயிரோடு இருந்த காலம் முழுக்க அந்த வீட்டில் மணி அடித்தால் அவர்தான் கதவைத் திறப்பார். போன் அடித்தால் அவர்தான் எடுப்பார், அது அக்காவின் போனாக இருந்தாலும். "சொல்லுங்க, நான்தான்" என்பார். யார் என்று கேட்கவே வழியில்லை, அவரைத் தவிர வேறு யார் எடுக்கப் போகிறார்கள் என்ற தோரணை. அக்காவிடம் பேச வேண்டும் என்றால் ஒரு சின்ன இடைவெளி விடுவார். வாயில் எப்போதும் உருட்டிக்கொண்டிருக்கும் புதினா மிட்டாய் பல்லில் இடிக்கும் சத்தம் கேட்கும். பிறகு, "அவ தூங்குறா. என்கிட்ட சொல்லு" என்பார்.

காலை பத்து மணிக்கும் தூங்குவாள், சாயங்காலம் ஐந்து மணிக்கும் தூங்குவாள். ஒரு மனுஷி இவ்வளவு தூங்க முடியுமா என்று சின்னவள் ஆரம்பத்தில் கேலி செய்தாள். பிறகு சண்டை போட்டாள். கடைசியில் அலுத்துப்போய் அழைப்பதையே விட்டுவிட்டாள். அவர் அடித்ததில்லை, திட்டினதுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்து "சௌக்கியமா?" என்றால்கூட "சௌக்கியமா இருக்கா" என்று அவர்தான் சொல்வார்.

சில மாதங்களுக்கு முன் மாடி அறையில், கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். அக்காவை அந்த வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போகத்தான் சின்னவள் வந்திருந்தாள். எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். போனில் பேசும்போதெல்லாம் அக்காவின் குரல் இளைத்துக்கொண்டே வந்ததை அவள் கவனித்திருந்தாள்.

"மாடியில இருக்கிற மெஷினை என்ன பண்றதுன்னு தெரியலை. அதை அணைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றாள் அக்கா.

சொல்லியிருந்தார் என்று சின்னவள் மனதுக்குள் திருத்தினாள். வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை.

மாடி அறை இருட்டாக இருந்தது. திரையை விலக்கினாலும் வெளிச்சம் உள்ளே வர யோசித்தது. தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை, அதற்கடியில் புதினா. மேசைக்குக் கீழே ஒரு கறுப்பு மெஷின் இத்தனை மாதமாக யாரும் கேட்காமலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன் விசிறி ஒரே சுருதியில் இரைந்தது.

அத்தான் வெப்சைட் செய்து கொடுப்பவர். பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல்காரர், டைல்ஸ் கடைக்காரர் என்று ஊரில் சிலர் அவரை நம்பியிருந்தார்கள். முதலில் இந்த மெஷினிலேயே செய்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, அவருக்குத் திருப்தியானால்தான் வெளி உலகத்துக்கு ஏற்றுவார். பாதியில் நின்ற சைட்டுகள் எல்லாம் அதற்குள் கிடந்தன. சின்னவளுக்கும் பிழைப்பு இதே தொழிலில்தான். எல்லாவற்றையும் தன் லேப்டாப்புக்கு மாற்றி, உரியவர்களிடம் கொடுத்துவிட்டு, மெஷினை அணைத்து, வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவது என்று திட்டம். காலையிலேயே எல்லோருக்கும் தன் நம்பரைக் கொடுத்துச் செய்தி அனுப்பியிருந்தாள்.

அக்கா வாசற்படியிலேயே நின்றாள். அறைக்குள் கால் வைக்கவில்லை.

"வாலு, கிளம்பறதுக்கு முன்னாடி எனக்குன்னு ஒண்ணு போட்டுத் தர்றியா?"

"என்ன?"

"என் செடிங்களுக்கு ஒரு பக்கம். போட்டோ எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். எழுதியும் வெச்சிருக்கேன். இவர்கிட்ட கேட்டப்போ எல்லாம், பார்க்கலாம் பார்க்கலாம்னு…"

அக்கா தனக்கென்று வாய்விட்டு ஒன்றைக் கேட்டு எத்தனை வருஷமாகிறது. "இதென்ன பெரிய விஷயம், உன் பேரிலேயே போட்டுத் தர்றேன்" என்று சின்னவள் மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

பெரிய விஷயம் இல்லைதான். ஒரே மெஷினில் பல சைட்டுகளைக் குடிவைப்பதற்கு விர்ச்சுவல் ஹோஸ்ட் என்று பெயர். ஒரு பெரிய வீட்டில் பல குடித்தனங்கள் இருப்பதைப் போல. வாசலில் வந்து நிற்பவர் யார் பெயரைச் சொல்கிறாரோ, சர்வர் என்கிற புரோகிராம் காவலாளி மாதிரி அவர் அறைக்கு அனுப்பிவைக்கும். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் சர்வரின் ஃபைலில் நாலைந்து வரிகள் போதும்: இந்தப் பெயரைச் சொன்னால் இந்த ஃபோல்டரைக் காட்டு. இதில் புதியவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வந்தவர் சொல்லும் பெயரில் உள்ளே யாருமே இல்லையென்றால், இல்லை என்று சர்வர் திருப்பி அனுப்பாது. ஃபைலில் முதலாவதாக எழுதப்பட்டிருப்பது யாரோ, அவருடைய அறையைத் திறந்துவிடும். ஆள் இல்லாத எல்லாப் பெயருக்கும் முதல் ஆள்தான் பதில் சொல்வார்.

அந்த மெஷினில் முதல் ஆள் அத்தான். பல் டாக்டருக்கும் முன்னால் தன் பெயரை எழுதி, தன் பெயரிலேயே ஒரு ஃபோல்டரும் வைத்திருந்தார். அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க, சின்னவள் பிரவுசரில் வாய்க்கு வந்த ஒரு பெயரைத் தட்டினாள்.

வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரே ஒரு வரி.

சொல்லுங்க, நான்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. செத்தும் போனை விடமாட்டேன் என்கிறாரே மனுஷர் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்காவின் படங்களைப் புது ஃபோல்டரில் போட்டாள். சர்வரின் ஃபைலில் கடைசியாக அக்காவின் பெயரைச் சேர்த்து, அதற்கு அந்த ஃபோல்டரைக் காட்டும்படி எழுதினாள். சேமித்தாள். சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாள். பிரவுசரில் அக்காவின் பெயரைத் தட்டினாள்.

சொல்லுங்க, நான்தான்.

எழுத்துப்பிழை இருக்கும். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. பழைய பக்கத்தை பிரவுசர் ஞாபகம் வைத்திருக்கும் என்று அதையும் துடைத்தாள். தினமும் அலுவலகத்தில் செய்கிற வேலை இது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வாள். மறுபடி அக்காவின் பெயரைத் தட்டினாள்.

இந்தத் தடவை வரி மாறியிருந்தது.

அவ தூங்குறா. என்கிட்ட சொல்லு.

விசிறியின் இரைச்சல் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. அந்த ஒரு கணத்தில் அவளுக்குப் பின்னால், தலைக்கு மேல், சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. மிட்டாய் பல்லில் இடிக்கும் சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை அப்படியே தள்ளிவிட்டுப் படியில் இறங்கி ஓடினாள்.

பின்பக்கத் தோட்டத்தில் குழாய் திறந்தபடி கிடந்தது. தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தொட்டிகளுக்கு நடுவில் ஈர மண்ணில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்துக்குக் கீழே சேறு. தோளைப் பிடித்து உலுக்கியும் கண் திறக்க நேரமாயிற்று.

"நான் எப்போடி தூங்கினேன்? தண்ணி விட்டுட்டுத்தானே இருந்தேன்" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்பல்லாம் இப்படித்தான் ஆகுது" என்றாள். "பேசிட்டிருக்கும்போதே தூங்கிடுறேன். முழிச்சா வேற எங்கயோ நின்னுட்டிருக்கேன்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"உனக்கு போன் பண்ணலாம்னு எடுப்பேன். அப்புறம் ஞாபகம் இருக்காது."

இன்றைக்கே கிளம்பிவிட வேண்டும் என்று சின்னவள் முடிவு செய்தாள். அக்காவைச் சமையலறையில் முக்காலியில் உட்காரவைத்து, முகம் கழுவ வைத்து, காப்பி கலந்து கையில் கொடுத்தாள். தூங்கிவிடாதே, நான் மேலேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், நீ பதில் சொல்லிக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

"அக்கா?"

"ம்."

படியில் பாதி ஏறி, "அக்கா?"

"இருக்கேன்டி."

அறைக்குள் போய், கூப்பிட மறந்து வேலையில் மூழ்கியிருந்தபோது அவளுடைய சொந்த போன் அடித்தது. பல் டாக்டர்.

"நீங்க காலையில மெசேஜ் போட்டீங்களே, சைட்டை வாங்கிக்கச் சொல்லி? சாரைக் கேட்காம எப்படி வாங்கிக்கிறதுன்னு உங்க அக்கா நம்பருக்கு இப்பத்தான் அடிச்சேன். சார் பேசினாரு."

"எந்த சார்?"

"சார்தாங்க. எதையும் இங்கேருந்து எடுத்துட்டுப் போக விடறதா இல்லைன்னு சொல்லிட்டாரு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. ஜலதோஷமா?"

அத்தான் இறந்த செய்தி இந்த ஆளுக்குத் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எவ்வளவு நேரம் முன்னாடி?" என்றாள் கிசுகிசுப்பாக.

"இப்பத்தாங்க. வெச்சுட்டு நேரா உங்களுக்குத்தான் போடறேன்."

"அக்கா" என்று சின்னவள் கூப்பிட்டாள்.

கீழேயிருந்து பதில் வரவில்லை.

சமையலறையில் அக்கா முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காப்பி ஆறியிருந்தது. போன் காதோடு ஒட்டியிருந்தது. கண்கள் மூடியிருந்தன, மூச்சு சீராக வந்தது. மூடிய கண்களுக்குக் கீழே வாய் மட்டும் மெல்ல அசைந்தது. கன்னத்துக்குள் எதையோ இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு உருட்டியது.

சின்னவள் அக்காவின் இன்னொரு கையை விரித்துப் பார்த்தாள். மிட்டாய்க் காகிதம். அக்காவுக்குப் புதினா என்றாலே குமட்டும், சின்ன வயதிலிருந்து.

எத்தனை தட்டியும் அக்கா எழவில்லை. தண்ணீர் தெளித்தும் எழவில்லை. சின்னவள் அழுதுகொண்டே மாடிக்கு ஓடினாள். அக்காவுக்கு என்ன நடக்கிறது என்று அவளால் யாரிடமும் விளக்க முடியாது. ஆனால் இந்த மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். யார் முதலில் இருக்கிறாரோ, அவர் பதில் சொல்கிறார். அப்படியானால் முதலில் அக்கா இருக்கட்டும்.

தனி ஃபோல்டர், தனி வரிகள் என்று முறையாகச் செய்ததெல்லாம் பலிக்கவில்லை, இனி முறை பார்க்க நேரமும் இல்லை. அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற குறுக்குவழி ஒன்று உண்டு. அதைத்தான் செய்தாள். முதல் வரிகளில் அத்தானின் பெயரை அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதினாள். அவருடைய ஃபோல்டரைத் திறந்து அந்த ஒற்றைப் பக்கத்தை அழித்தாள். அதே இடத்தில் அக்காவின் செடிகளைக் கொண்டுபோய்ப் போட்டாள். சர்வரை ஓடவிட்டாள்.

பச்சை.

திரை முழுக்கப் பச்சை. தொட்டியில் பெரணி, கொடியில் பூ, அக்காவின் கையில் ஒரு நாற்று. கீழே அக்கா எழுதிய வரிகள்: இது வாடினமாதிரி இருக்கும், நம்பாதீங்க, வேர் உயிரோட இருக்கு.

"வாலு, மேல என்னடி பண்றே? காப்பி ஆறிப்போச்சு" என்று கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. தெளிவான, கொஞ்சம் எரிச்சலான குரல். சின்னவள் மேசையில் தலையைக் கவிழ்த்து ஒரு பாட்டம் அழுதாள்.

எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடியே லேப்டாப்புக்கு மாற்றினாள். மெஷினின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். விசிறி சுற்றி அடங்கியது. வெயில் இருக்கும்போதே இருவரும் செடித் தொட்டிகளோடு வண்டி ஏறினார்கள்.

சின்னவளின் வீடு மூன்றாவது மாடியில், நல்ல வெளிச்சமான வீடு. அக்காவுக்குப் பால்கனியைக் கொடுத்துவிட்டாள். அக்கா நன்றாகச் சாப்பிட்டாள், நடுப்பகலில் தூங்குவது நின்றுவிட்டது. தன் பக்கத்தைப் பிரவுசரில் அடிக்கடி திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டாள். சைட்டுகளைப் பெற்றுக்கொண்டவர்கள் நன்றி சொன்னார்கள். பல் டாக்டர் துக்கம் விசாரித்தார். பேசிய குரல் யாருடையது என்று அவர் திரும்பக் கேட்கவில்லை, இவளும் வாயைத் திறக்கவில்லை.

மணி அடித்தால் அக்காவே போய்க் கதவைத் திறந்தாள். அதைப் பார்க்கச் சின்னவளுக்குப் பூரிப்பாக இருந்தது. எத்தனை வருஷம் அடக்கிவைத்த ஆசையோ, திறக்கட்டும். கூரியர்காரரிடம், காவலாளியிடம், பக்கத்து வீட்டம்மாவிடம் எல்லாம் அக்காதான் பேசினாள். சின்னவள் எழுந்து வருவதற்குள் பேசி முடித்திருப்பாள்.

பிறகு போனையும் எடுக்க ஆரம்பித்தாள். சின்னவளின் போனை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் சின்னவள் குளித்துவிட்டு வரும்போது, அக்கா பால்கனி ஓரமாக முதுகைக் காட்டி நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "அவ வேலையா இருக்கா. என்கிட்ட சொல்லுங்க."

"யாருக்கா அது?"

"உன் ஆபீஸ்ல. நான் பேசிட்டேன்" என்று அக்கா திரும்பாமலே சொன்னாள்.

அறையில் எங்கோ லேசாகப் புதினா வாசனை வீசியது. பல் தேய்த்த வாசனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே சின்னவள் தன் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அன்றைக்கு அவசரத்தில் செய்ததை நிதானமாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

முதல் வரிகளில் பெயர் அக்காவுடையதுதான்.

அதற்கு அடுத்த வரியை அவள் பார்த்தாள். அந்தப் பெயர் காட்டும் ஃபோல்டர் அத்தானுடையது.

அவரை அவள் வெளியே அனுப்பவே இல்லை. வாசலில் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டு, அக்காவைக் கொண்டுபோய் அவர் வீட்டுக்குள் குடிவைத்திருந்தாள். பிறகு அந்த வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்திருந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் இதைச் செய்தால் தலையில் குட்டுகிறவள் அவள்.

இந்தத் தடவை முறையாகச் செய்தாள். அக்காவின் பெயரில் புது ஃபோல்டர். செடிகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றினாள். வரியைத் திருத்தினாள், இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள். கடைசியில் அத்தானின் ஃபோல்டரை அடியோடு அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தாள், லேப்டாப்பில் எங்கேயும் இல்லை.

அக்காவின் பெயரைத் தட்டினாள். பச்சை. இல்லாத ஒரு பெயரைத் தட்டினாள். அதற்கும் பச்சை.

அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. இனி இதற்குள் அவருக்கு இடமில்லை. ஒரு மூலைகூட இல்லை.

அக்காவிடம் உடனே காட்ட வேண்டும் போலிருந்தது. கதவைத் திறந்து, கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வந்து பாரேன்."

பால்கனியில், செடிகளுக்கு நடுவே, நாற்காலியில் சாய்ந்து அக்கா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வெயில் விழுந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. மடியில் கிடந்த கை, காலியான ஒரு மிட்டாய்க் காகிதத்தைப் பொறுமையாக நீவிக்கொண்டிருந்தது.

"அக்கா?"

ஒரு சின்ன இடைவெளி. பல்லில் எதுவோ இடிக்கும் சத்தம்.

"அவ தூங்குறா" என்றது அக்காவின் வாய். "என்கிட்ட சொல்லு."